கைதடி வெளியில் நிறுத்திய எஞ்சின்

கலியாண ஊர்வலங்களுக்கு விடுவதற்காக நீங்கள் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒஸ்ரின் காரைப் போன வாரம் வந்து பார்த்தேன். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, எஞ்சினைப் பூட்டி முடித்திருந்தீர்கள். நல்ல வேலை. என்ன ஒயில் ஊற்றுவது, முதல் ஓட்டத்தில் எப்படிப் பழக்குவது என்று கேட்டீர்கள். உங்களில் ஒருவர் கைபேசியைத் திறந்து நாலைந்து பேருடைய கருத்துகளை வாசித்துக் காட்டினார். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்திருந்தார். சாதாரண ஒயில் ஊற்றுங்கள், மிதமான சுமையோடு ஓட்டிப் பழக்குங்கள் என்று நான் இரண்டு வசனத்தில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகு அது போதாது என்று பட்டது. அந்த இரண்டு வசனமும் சரியானவைதான். ஆனால் அவற்றை நான் சோதித்துப் பார்த்த இடம் ஒரு கராஜ் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதிதான் சொன்னதாகும்.

தொண்ணூறில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு, தடையால் எங்கள் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றது. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். உங்கள் தகப்பன்மார் இதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். கராஜில் இருந்த எங்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒயிலோடு கலந்துவிடும். அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது, கூடியிருக்கும். அதைக் கண்டு சந்தோசப்பட்டவர்களின் எஞ்சின்களைத்தான் நாங்கள் அதிகம் கழற்றினோம்.

இராசநாயகம் அண்ணையின் காரும் அப்படித்தான் எங்களிடம் வந்தது. ஒஸ்ரின் ஏ-40. கோப்பாய்ச் சந்தியில் வாடகைக்கு ஓடியவர். அந்தக் காரை அவர் விற்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் வருமானம் அல்ல, அவருடைய மனைவி. தவமணி ரீச்சர் மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இருதயம் பலவீனமான நெஞ்சு வருத்தக்காரி. கால் வீங்கும். வீட்டு வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போய் வந்தாலே இருந்து மூச்சு வாங்குவார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவிலும் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் இருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அவருக்கு அந்தக் கார் வேண்டும்.

உதிரிப் பாகங்கள் வரத் தடை. ஓடாமல் கிடந்த கார்களைக் கழற்றியும், நெல்லியடியில் ஒரு பழைய கடையில் கிரீஸ் கடுதாசியோடு கிடந்த ரிங்குகளை வாங்கியும் அந்த எஞ்சினைப் பல மாதமாகக் கட்டினேன். பிறகுதான் ஒயிலைப் பற்றிய தர்க்கம் தொடங்கியது.

அண்ணை எங்கிருந்தோ லொறிக்கு ஊற்றும் தடித்த ஒயில் கொண்டு வந்திருந்தார். மண்ணெண்ணெய் எப்படியும் ஒயிலை இளக்கத்தான் போகிறது, ஆகவே தொடக்கத்திலேயே தடிப்பாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. பக்கத்துக் கராஜ்காரர் ஆமணக்கெண்ணெய் கலந்தால் எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடும் என்றார். நான் இரண்டுக்கும் உடன்படவில்லை. எஞ்சின் தண்டைத் தாங்கும் புதுப் பெயரிங்குகள் இறுக்கமானவை. தடித்த ஒயில் அவற்றின் இடுக்குக்குள் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆமணக்கெண்ணெயால் வழுக்கல் கூடினால் ரிங் சுவரோடு உரசாது. உரசாவிட்டால் சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கிப்போகும். பிறகு அந்த எஞ்சின் ஆயுள் முழுக்க ஒயில் குடிக்கும்.

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னபோது ரீச்சர்தான் முதலில் விளங்கிக்கொண்டார்.

"புதுத் துணியைத் தைக்க முதல் நனைச்சு எடுக்கிற மாதிரியோ, தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை ரீச்சர். புதுக் கத்தரிக்கோல் மாதிரி. ரெண்டு அலகும் ஒண்டை ஒண்டு உரசித்தான் வெட்டு வரும்."

அவர் சிரித்தார். கப்பலில் வேலை செய்த அவருடைய தம்பி பழைய காலத்தில் கொண்டு வந்து கொடுத்த ஒயில் ரின் ஒன்று, முத்திரை உடைக்காமல், அவருடைய கட்டிலுக்குக் கீழே இருந்தது. தடிப்பில் முப்பதாம் நம்பர். கலப்பு ஒன்றும் இல்லாத சாதாரண ஒயில். எனக்கு வேண்டியதும் அதுதான். அண்ணை அதைப் பிறகு தேவைப்படும் என்று பொத்தி வைத்திருந்தார். ரீச்சர் எடுத்து ஊற்றச் சொல்லிவிட்டார்.

போத்தல் போத்தலாகச் சேர்த்த பெற்றோலில் நீர்வேலி வரை போவதும் வருவதுமாக அண்ணை பழக்கத் தொடங்கினார். நான் அவரிடம் முக்கியமாகச் சொன்னது ஒன்று. வேகமாக ஓடினால் புது எஞ்சின் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். நின்ற இடத்தில் உறுமவிட்டாலும், ஊரவிட்டாலும் அதைவிட மோசமாகக் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. காற்றுப் படாமல் சூடு ஏறும். சுமை இல்லாததால் ரிங்கும் படியாது. மிதமான சுமையோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பழக்கி முடிக்கவில்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. இராணுவம் நெருங்குகிறது, எங்கள் வலிகாமப் பகுதியிலிருந்து எல்லோரும் உடனே வெளியேறவேண்டும் என்றார்கள்.

அதற்குப் பின் நடந்ததை நீங்கள் வீடுகளில் கேட்டிருப்பீர்கள், நான் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் மனைவியும் பிள்ளைகளும் மச்சானின் உழவு இயந்திரத்தில் அன்றைக்கே சாவகச்சேரிப் பக்கம் போய்விட்டார்கள். விடிந்த பிறகு நான் ஸ்பானர், சுத்தியல் என்று என் தொழில் ஆயுதங்களை எடுத்து வரலாம் என்று கராஜுக்குப் போனேன். வழியில் இராசநாயகம் அண்ணையின் வீட்டு வாசலில் கார் நின்றது. ரீச்சரைப் பின் சீற்றில் இருத்தித் தலையணைகளால் அணை கொடுத்திருந்தார். என்னைக் கண்டதும் அண்ணையின் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்த்துவிட்டு என்னால் கராஜுக்குப் போக முடியவில்லை. நான் சைக்கிளை அந்த வீட்டுக்குள் விட்டுவிட்டு முன் சீற்றில் ஏறினேன்.

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் தெரு, கடல்நீரேரி வெளிக்கு நடுவால் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், கைதடிக் கரைக்குக் கிட்ட ஒரு பாலம். அன்றைக்குத் தெரு கண்ணுக்குத் தெரியவில்லை. தலைகளும் மூட்டைகளும் சைக்கிள்களும்தான். மழை பெய்துகொண்டிருந்தது. மனிதர் நடக்கும் வேகத்தில்கூட யாரும் நடக்கவில்லை. ஓர் அடி வைத்து நின்று, பிறகு ஓர் அடி. கார் அந்தச் சனத்துக்கு நடுவில் ஊர்ந்தது. முதலாம் கியரில் போடுவதும் கிளச்சை மிதித்து நிற்பதுமாக இருந்தது.

நான் சொன்னேனே, ஊரவிடக்கூடாது என்று. எந்தப் புது எஞ்சினுக்கும் அதைவிட மோசமான தெரு கிடைக்காது.

வெளிக்குள் கொஞ்சத் தூரம் போனதும் றேடியேற்றர் மூடியோரம் ஆவி கசியத் தொடங்கியது. நான் ஒயிலின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடி இருந்தேன். காலையில் நேராக நின்ற முள், மெல்லச் சாய்ந்துகொண்டு வந்தது. எஞ்சினின் சத்தமும் மாறியது. அதை எழுத்தில் சொல்ல முடியாது. கேட்டால் உங்களுக்கும் தெரியும். ஒரு மனிதன் பாரம் தூக்கும்போது குரல் அடைப்பது போன்ற சத்தம்.

நிறுத்தச் சொன்னேன். அண்ணை மாட்டேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு வாகனங்கள் பழுதாகி நின்றிருக்க, சனம் அவற்றைத் தள்ளித் தண்ணீருக்குள் சரித்துவிட்டுப் போனதை நாங்கள் கண்ணால் கண்டிருந்தோம். கோபத்தில் செய்ததல்ல. தெரு வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் நின்றால் எங்கள் காருக்கும் அதே கதி. ஓடவிட்டால் இறுகிப்போகும், இறுகினாலும் அதே கதி. அண்ணை பக்கத்துத் தண்ணீரை அள்ளி ஊற்றச் சொன்னார். கொதிக்கிற எஞ்சினுக்குள் குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கும் என்றேன். அவர் என்னைத் திட்டினார். அதுவரை அவர் என்னை ஒரு கடும் சொல் சொன்னதில்லை.

பின்னாலிருந்து ரீச்சரின் குரல் வந்தது. மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டுப் பேசினார்.

"இஞ்சேருங்கோ. எஞ்சினைக் கட்டினவனுக்குத் தெரியாததே உங்களுக்குத் தெரியப்போகுது. நிப்பாட்டுங்கோ."

அண்ணை சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றதும் மழைச் சத்தமும் ஆயிரம் பேரின் காலடிச் சத்தமும் ஒரேயடியாக உள்ளே வந்தன.

பின்னால் வந்தவர்கள் உடனே குரல் எழுப்பினார்கள். இரண்டு மூன்று பேர் காரின் பக்கவாட்டில் கை வைத்துவிட்டார்கள். நான் இறங்கி, இந்தக் கார் பழுதில்லை, ஆறவேண்டும், தள்ளிக்கொண்டு போனால் உங்கள் வேகத்துக்கே வரும் என்று சொன்னேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அப்போது ஒருவர், நீர்வேலிக்காரர், தன் தாயைச் சைக்கிளின் பின் கரியரில் இருத்திப் பிடித்துக்கொண்டு வந்தவர், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தள்ளினால் அம்மாவை ஏத்துவியளோ?"

அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. நான் கதவைத் திறந்தேன். அவருடைய தாயை ரீச்சருக்குப் பக்கத்தில் இருத்தினோம். அதைக் கண்டு வேறு இரண்டு குடும்பத்தார் தங்கள் முதியவர்களைக் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தள்ள வந்தார்கள். தண்ணீருக்குள் சரிக்க இருந்த கைகளில் சிலவும் அவர்களோடு சேர்ந்து தள்ளின. அண்ணை ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் பின்னால் தோள் கொடுத்தேன்.

இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் எல்லாரும் "ஓட்டு, ஓட்டு" என்பார்கள். ஓட்டுவது வேலை செய்வது போலத் தெரியும், நிறுத்துவது கைவிடுவது போலத் தெரியும். முள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். முள்ளுக்குப் பயம் இல்லை.

பாலத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் சென்றது என்று எனக்குத் தெரியாது. சனம் குடையை மறுபக்கம் விரித்து மழைத் தண்ணீர் ஏந்திக் குடித்தது. நானும் ஒரு குடையை வாங்கி ஏந்தினேன். எஞ்சின் கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு அந்தத் தண்ணீரை றேடியேற்றருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். இடையில் ஒரு முறை பின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். ரீச்சர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு நீர்வேலிக்காரரின் தாயின் தோளில் சாய்ந்திருந்தார். அந்த அம்மா அவரை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். நித்திரை வந்தது நல்லது என்று நினைத்தேன்.

கைதடிக் கரையில் தெரு கொஞ்சம் அகன்றது. சனம் ஓரத்து வீட்டு வளவுகளுக்குள் இறங்கி ஆற உட்கார்ந்தது. காரைத் தள்ளி, இரண்டாம் கியரில் விட்டோம். எஞ்சின் பிடித்தது. முள் எழும்பி நேராக நின்றது. அண்ணை மகிழ்ச்சியில் அழுதார். பிறகு, ஏற்றியவர்களை இறக்கவேண்டுமா, பாரம் கூடிப்போகுமா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்றேன். தெரு இடம் விட்டால் பாரம் நல்லது, பாரத்தோடு ஒரே சீராகப் போனால்தான் ரிங் படியும். இரக்கத்தில் சொன்னதல்ல, எஞ்சினைப் பற்றிய உண்மை அது. நீர்வேலிக்காரர் தாயைச் சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடச் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

அங்கிருந்து அண்ணை கதைத்துக்கொண்டே ஓட்டினார். கண்ணாடியில் மனைவியைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தார். எஞ்சினின் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். உன்ரை தையல் மெசின் மாதிரிப் போகுது பார் என்றார். நிப்பாட்டச் சொன்னது நல்லதாய்ப் போச்சு என்றார். சாவகச்சேரியில் தன் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் எந்த அறையில் ரீச்சருக்குக் காற்று வரும் என்றுகூடச் சொல்லிக்கொண்டு வந்தார். ரீச்சர் பதில் சொல்லவில்லை. அவர் களைத்திருந்தால் பதில் சொல்லமாட்டார், அது எங்களுக்குப் பழக்கம்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரையும் இறக்கக் கதவைத் திறந்தபோது, ரீச்சர் உயிரோடு இல்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். வெறாந்தா முழுக்க ஆட்கள் கிடந்தார்கள். ஒரு டொக்டர் குனிந்து பார்த்து, அண்ணையின் தோளைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

நான் வெளியே வந்தேன். நீர்வேலிக்காரரின் தாய் காருக்குப் பக்கத்தில் ஈர நிலத்தில் இருந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"வெளிக்குள்ளையே உயிர் போட்டுது, தம்பி. பாலத்துக்கு முன்னம். என்ரை கையைப் பிடிச்சிருந்த கை தளர்ந்தது. சொன்னால் நிப்பாட்டிப்போடுவியள். நிப்பாட்டினால் அவையள் காரைத் தண்ணிக்குள்ளை சரிச்சுப்போடுவினம். அந்தப் பிள்ளையின்ரை உடம்பைத் தெருவிலை கிடத்திறதோ? அதுதான் விழாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

தன் இடமும் போய்விடும் என்று பயந்தாரா என்று நான் கேட்கவில்லை. பயந்திருந்தாலும் குற்றம் இல்லை. அவ்வளவு தூரமும் ஒரு சடலத்தை நிமிர்த்திப் பிடித்திருந்த வலது கையை அவர் மற்றக் கையால் உருவிவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணையிடம் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. சொல்லவேண்டும் என்றும் கேட்கவில்லை. மகன் வந்ததும் எழுந்து போய்விட்டார். அவர்களை நான் பிறகு காணவில்லை.

மழைக்குள் விறகு தேடி மறுநாள் தகனம் செய்தோம்.

இரண்டு மூன்று கிழமை கழித்து, அண்ணை தங்கியிருந்த வளவில் அந்தக் காரின் ஒயிலை இறக்கினேன். முதல் ஒயிலைச் சீக்கிரம் இறக்கவேண்டும், உரசிக் கழன்ற இரும்புத் தூளெல்லாம் அதில்தான் இருக்கும். ஊற்ற வேறு ஒயில் இல்லை. சில நாள் தெளியவிட்டு, திரும்ப ஊற்றுவதற்காக ஒரு பின்னேரம் அதைச் சீலையில் வடியவிட்டேன். ஒயில் தெளிந்த சட்டியின் அடியில் படிந்ததை விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். மெல்லிய சாம்பல் நிறப் படிவு. பெயரிங்கிலிருந்து வரும் மினுக்கம் ஒன்றும் இல்லை. எஞ்சின் அந்த வெளியைத் தாங்கியிருந்தது.

அண்ணை முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். அந்தக் கிழமைகளில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய அக்கா என்னிடம் சொல்லியிருந்தார்.

"நிப்பாட்டாமல் ஓடியிருந்தால் எஞ்சின் தாங்கியிருக்குமோ?"

"இல்லை அண்ணை. பாலத்துக்குக் கிட்டவும் போயிராது. இறுகியிருக்கும்."

"நிச்சயமாத் தெரியுமோ?"

நிச்சயம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் அப்படிச் சொல்லித்தான் பலரை வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் ஓடாத தூரத்தைப் பற்றி எந்த மெக்கானிக்குக்கும் நிச்சயம் இல்லை. முள் சாய்ந்ததைக் கண்டேன், சத்தத்தைக் கேட்டேன், அதை வைத்து நினைக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

"நினைக்கிறாய்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லோடு அவரை விட்டுவிட்டுப் போனால் அவர் அதையே அரைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. ஓடியிருந்தாலும் நேரத்துக்குப் போயிருக்கமுடியாது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதனால் அந்த அம்மா சொன்னதை அவருக்குச் சொன்னேன். வெளிக்குள்ளேயே, பாலத்துக்கு முன்பே, ரீச்சரின் கை தளர்ந்துவிட்டது என்று சொன்னேன். ரீச்சர் போனது காரை நிறுத்தியதாலும் அல்ல, ஓட்டியதாலும் அல்ல என்று சொன்னேன். அது அண்ணையின் பாரத்தை இறக்கும் என்றுதான் எண்ணினேன்.

அவர் சீலையின் நுனியை இழுத்து நேராக்கினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப கைதடியிலையிருந்து நான் ஆரோடை கதைச்சுக்கொண்டு வந்தனான்?"

அவரிடம் சொன்னது சரியா பிழையா என்று நீங்கள் கேட்டால், அதையும் என்னால் நிச்சயமாகச் சொல்லமுடியாது. சீலையிலிருந்து ஒயில் மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது. அது முழுவதும் இறங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.